‘குடும்பத்தில் ஒருவர்’ என்னும் பொய்



ரமளான் பிறந்துவிட்டால் நம் கைபேசிகளில் ஒரு செய்தி வலம் வரத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் 1765ஆம் ஆண்டிலேயே திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை விலை கொடுத்து வாங்கியவர். 1805 டிசம்பர் 9 அன்று, தூனிசியாவின் தூதர் சுலைமான் மெல்லிமெல்லி நோன்பு நோற்றிருந்ததால், பிற்பகல் விருந்தை சூரியன் மறையும் வேளைக்கு மாற்றி வைத்தவர் என்பதே அச்செய்தி. இரண்டும் உண்மை. 2007 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினரான கீத் எல்லிசன் அந்தப் பிரதியின் மீதே கை வைத்து உறுதிமொழி ஏற்றார் என்பதும் உண்மை. இச்செய்தியைப் பகிர்வோர் அதன் கீழ் “மாஷா அல்லாஹ்” என்று எழுதி மகிழ்கின்றனர்.

அந்த மகிழ்ச்சியைத்தான் நாம் மறுக்கிறோம். அந்த விருந்தை உண்டவர்களின் பெயர்களைப் பகிர்கிறோம். சமைத்தவர்களின் பெயர்களை எவரும் பகிர்வதில்லை.

அந்த ஆண்டுகளில் குடியரசுத் தலைவர் மாளிகையின் சமையலறையில் பிரெஞ்சுச் சமையல் பயின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர் ஈடித் ஃபாசெட். 1802இல், பதினைந்து வயது அளவில் அங்கு கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண். அவருடைய கணவர் ஜோசப் ஃபாசெட், ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ பண்ணையில் கொல்லர். 1826இல் ஜெஃபர்சன் இறந்தபோது தம் உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை எழுதி வைத்தார். ஜோசப் அவர்களில் ஒருவர். ஆனால், ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை எழுதப்படவில்லை. 1827 ஜனவரியில் பண்ணையின் கடனை அடைப்பதற்காக நடந்த ஏலத்தில் மனிதர்களும் மாடுகளும் ஒருங்கே விற்கப்பட்டனர். ஏறத்தாழ 130 மனிதர்கள் ஏலத்துக்கு வந்தனர். விடுதலை எழுதப்பட்ட தந்தையின் கண்முன்னே தாயும் பிள்ளைகளும் வெவ்வேறு கைகளுக்குப் போயினர். பீட்டர் என்ற மகனுக்கு அப்போது பதினோரு வயது.

“எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்” என்ற கருத்தை 1776இன் விடுதலைப் பிரகடனத்தில் வடித்த கைக்கு, ஈடித்தின் பெயரை உயிலில் சேர்க்க ஒரு வரி போதுமானதாக இருந்தது. அந்த வரி எழுதப்படவில்லை.

இரத்த உறவும் சொத்தாகியது

ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் சாலி ஹெமிங்ஸ். இவர் ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவின் தந்தை ஜான் வெய்ல்ஸ், தம் அடிமைப் பெண்ணிடம் பெற்ற மகள். அதாவது, மார்த்தாவின் ஒரு தந்தை வழித் தங்கை. தந்தை இறந்ததும் அக்காள் மரபுரிமையாகப் பெற்ற சொத்தில் தங்கையும் ஒரு பொருளாக வந்து சேர்ந்தார். 1782இல் மார்த்தா மறைந்தார். 1787இல், பதினான்கு வயதில், ஜெஃபர்சனின் மகளுக்குத் துணையாகச் சாலி பாரிசுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் அவருக்குப் பிறந்த ஆறு பிள்ளைகளின் தந்தை ஜெஃபர்சன்தான் என்ற முடிவுக்கு, 1998இன் மரபணு ஆய்வையும் ஆவணங்களையும் வைத்து, மாண்டிசெல்லோவை நிர்வகிக்கும் அறக்கட்டளையே 2000ஆம் ஆண்டில் வந்தது. சாலியின் மகன் மேடிசன் 1873இலேயே இதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். வெள்ளையர்களின் ஏடுகள் சொல்லும் வரை நம்ப உலகம் ஆயத்தமாக இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகள் எப்படித் தந்தையின் அடிமைகளாயினர்? வர்ஜீனியா 1662இல் இயற்றிய சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. தாய் அடிமையெனில் தந்தை யாராயினும் பிள்ளை அடிமை. மகனுக்குத் தந்தையின் பெயர் இல்லை, பங்கு இல்லை, உரிமை இல்லை. ஆயினும், அக்காலப் பண்ணை உரிமையாளர்கள் தம் கடிதங்களில் அடிமைகளையும் சேர்த்து ‘என் குடும்பம்’ என்றே எழுதினர். இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் வீடும் இதற்கு விலக்கன்று. 1799இல் அவர் மறைந்தபோது மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களில் 123 பேர் அவருடைய நேரடி உடைமை; தம் மனைவியின் காலத்துக்குப் பின் அவர்களை விடுவிக்க உயில் எழுதினார். நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும்: அவர் காலத்துத் தலைவர்கள் பலர் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனால், அவர் பிலடெல்பியாவில் ஆட்சி செய்த ஆண்டுகளில், ஆறு மாதம் தங்கிய அடிமை விடுதலை கோரலாம் என்ற பென்சில்வேனியச் சட்டத்தைத் தவிர்க்க, ஆறு மாதம் நிறையும் முன்பே அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி மீண்டும் அழைத்துக்கொண்டவரும் அவரே. மனைவியின் பேத்திக்குத் திருமணப் பரிசாகத் தம்மைக் கொடுக்கப் போகிறார்கள் என்று அறிந்த ஓனா ஜட்ஜ் என்ற பணிப்பெண் 1796இல், குடும்பத்தார் உணவருந்திக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறினார். அவரைப் பிடிக்க நாளிதழில் விளம்பரம் வந்தது. 1848இல் இறக்கும் வரை சட்டத்தின் பார்வையில் அவர் ஓடிப்போன சொத்தாகவே இருந்தார்.

அதே வாஷிங்டனின் 1774ஆம் ஆண்டு வரிப் பட்டியலில் இரு பெயர்கள் உள்ளன: ‘ஃபாத்திமர்’, ‘சின்ன ஃபாத்திமர்’. அந்த இரு பெண்களைப் பற்றி வேறெதுவும் எழுதி வைக்கப்படவில்லை. பெயர் மட்டும் சிதைந்த எழுத்தில் நிற்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் எந்த முஸ்லிம் வீட்டில் அந்தப் பெயர் முதன்முதலாக ஒரு குழந்தையின் காதில் ஓதப்பட்டதோ, அல்லாஹ்வே அறிவான். ஜெஃபர்சனின் அலமாரியிலிருந்த குர்ஆனைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். குர்ஆனை நெஞ்சில் சுமந்து சென்று, கரும்பிலும் பருத்தியிலும் மாண்ட நம் சகோதரர்களைப் பற்றிச் சொல்வதில்லை. ஃபூட்டா தோரோவில் மார்க்கக் கல்வி கற்று, அடிமையாக விற்கப்பட்டு, 1831இல் வடக்கு கரோலினாவில் தம் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதிவைத்த உமர் இப்னு ஸயீதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அமெரிக்காவில் இஸ்லாத்தின் வரலாறு குடியரசுத் தலைவரின் நூலகத்திலிருந்து தொடங்கவில்லை. அது அடிமைக் கப்பலின் அடித்தளத்திலிருந்து தொடங்குகிறது.

நம் கடற்கரையிலும் நடந்தது

இது தொலைதூரத்துக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கே சென்றால் அரை மணி நேரத்தில் உயர் நீதிமன்ற வளாகம் வந்துவிடும். அங்கே பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் உயர்ந்து நிற்கும் ஒரு கல்லறைச் சின்னம் உண்டு. அதனடியில் கிடப்போரில் ஒருவன் டேவிட் யேல் என்ற சின்னஞ்சிறு பிள்ளை. 1684இல் பிறந்து 1688இல் இறந்த அவனுடைய தந்தை எலிஹு யேல். அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக மதராசுக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். 1680இல் அக்கோட்டையின் புனித மேரி தேவாலயம் திறக்கப்பட்டதும் அங்கு நடந்த முதல் திருமணம் அவருடையதே. பிற்காலத்தில் அவர் அனுப்பிய நூல்களும் சரக்குப் பொதிகளும் ஒரு சிறு கல்லூரியைத் தாங்கி நிறுத்தின. 1718இல் அக்கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

அவர் கோட்டையின் ஆட்சிக் குழுவில் அமர்ந்திருந்த ஆண்டுகளில் இக்கரையில் பஞ்சமும் போரும் சூழ்ந்திருந்தன. பசியால் பெற்ற பிள்ளைகளை விற்றவர்களும் உண்டு. பிள்ளைகளைத் திருடி விற்றவர்களும் உண்டு. ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை அனுப்ப வேண்டும் என்று அக்குழு ஆணையிட்டது. அவர்கள் செயின்ட் ஹெலினா தீவின் கம்பெனித் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர் ஆளுநரான 1687ஆம் ஆண்டில், ஒரே மாதத்தில், குறைந்தது 665 பேர் இத்துறைமுகத்திலிருந்து ஏற்றப்பட்டனர். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சவுக்கால் அடித்து, சூடிட்டு, கடல் கடந்து அடிமைகளாக அனுப்பும் தண்டனைகளையும் அவர் விதித்தார். இது ஆங்கிலேயர் மட்டும் செய்த பாவமும் அன்று. சாந்தோமில் குடியேறிய போர்ச்சுகீசியரும், பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரரும் அவர்களுக்கு முன்பே இவ்வணிகத்தில் கொழுத்தவர்கள். ஆட்களைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து கொடுத்த தரகர்கள் நம் மண்ணின் மைந்தர்களே.

1688இல் கோட்டை இவ்வணிகத்தைத் தடை செய்தது. தம் பிள்ளைகளும் பணியாட்களும் களவு போவதாக நாட்டு அரசிடமிருந்து வந்த புகார்களும், முகலாயப் படை வாசலுக்கே வந்துவிட்ட அச்சமுமே அதற்குக் காரணங்கள், மனச்சாட்சி விழித்ததன்று.

யேல் தம் சொந்த வீட்டில் அடிமைகளை வைத்திருந்தாரா என்பதில் ஆய்வாளர்கள் மாறுபடுகின்றனர். ஆனால், இலண்டனில் அவர் வரையச் செய்த குடும்ப ஓவியத்தில், கழுத்தில் உலோக வளையம் பூட்டிய கறுப்பினச் சிறுவன் ஒருவன் பணிந்து நிற்கிறான். ஓவியத்தின் பின்புறத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கின்றனர். 2024 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையுடன் தனக்கிருந்த தொடர்புகளுக்காக மன்னிப்புக் கோரியது.

மகனை இழந்த தந்தையின் துயரை நாம் எள்ளவில்லை. அத்துயரின் அருமை அறிந்த மனிதர், பிறர் மக்களைக் கப்பலேற்றிய ஆணைக்கும் பொறுப்பாளராய் இருந்தாரே என்றுதான் கேட்கிறோம். டேவிட்டுக்கு முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கும் கல் உண்டு. அந்த 665 பேரில் ஒருவருக்கேனும் இந்நகரில் ஒரு பெயர்ப்பலகை உண்டா?

‘அது அந்தக் காலம்’ என்போருக்கு

இங்கே வழக்கமான விடை ஒன்று வரும்: “அவர்கள் தம் காலத்தின் மனிதர்கள். இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?” அளக்க வேண்டாம்; அவர்கள் காலத்து அளவுகோலாலேயே அளப்போம். மதராசில் பிள்ளைகள் கப்பலேற்றப்பட்டுக்கொண்டிருந்த அதே 1688இல், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு எளிய மனிதர்கள் அடிமை முறை பாவம் என்று எழுதிக் கையொப்பமிட்டனர். ஜெஃபர்சனின் வர்ஜீனியாவிலேயே ராபர்ட் கார்ட்டர் என்ற பெருநிலக்கிழார் 1791இல் ஏறத்தாழ 500 பேரை விடுவிக்கும் பத்திரத்தைப் பதிவு செய்தார். இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் ஓர் அடிமையைக்கூட வைத்திருந்ததில்லை. ஜெஃபர்சனே தம் எழுத்துகளில் அடிமை முறையைக் கொடுமை என்று கண்டித்தவர். அறியாமை என்று சொல்ல வழியில்லை. அறிந்தும் விடாமைக்குக் காரணம் வசதி. அதைவிட முதன்மையான சாட்சிகள் ஓனாவும் ஈடித்தும். அவர்களும் அதே காலத்தின் மனிதர்கள்தாம்.

“முஸ்லிம் ஆட்சிகளில் அடிமைகள் இல்லையா?” என்று மற்றொரு கேள்வி வரும். இருந்தனர். அதை மூடி மறைப்பது மார்க்கத்துக்குச் செய்யும் தொண்டன்று. அப்பாசியர் காலத்தில் தென் இராக்கின் உவர் நிலங்களில் வதைக்கப்பட்ட ஸன்ஜ் மக்கள் 869 முதல் பதினான்கு ஆண்டுகள் கிளர்ந்தெழுந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸான்ஸிபாரின் கிராம்புத் தோட்டங்களை ஓமானிய முதலாளிகள் அடிமைகளைக் கொண்டே நடத்தினர். சவூதி அரேபியா 1962இல்தான், மவுரித்தானியா 1981இல்தான் சட்டப்படி ஒழித்தன. அடிமையை விடுவிப்பதைப் பாவப் பரிகாரமாகவும், ஜகாத்தின் செலவினங்களில் ஒன்றாகவும், செங்குத்தான கணவாயைக் கடப்பதற்கு ஒப்பான அறமாகவும் திருக்குர்ஆன் வகுத்திருக்க, அந்தக் கணவாயின் அடிவாரத்திலேயே பன்னூறு ஆண்டுகள் கூடாரமடித்துத் தங்கியவர்களை நாம் ஏன் காக்க வேண்டும்? நாம் சாட்சி சொல்ல வேண்டியது நீதிக்கு. அது நமக்கே எதிராக இருப்பினும் சரி என்பதும் இறைக்கட்டளைதானே.

நம் வீட்டு வாசலில்

இப்போது ‘குடும்பம்’ என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். வரலாறு பேசுவதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நம் இல்லங்களில் சமைத்து, துலக்கி, முதியோரைத் தூக்கி அமர்த்தும் பெண்களில் பலர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களிலிருந்து விடியலில் பேருந்து ஏறி வருகின்றனர். அவர்களில் பலருடைய குடும்பங்கள் ஒரு காலத்தில் இதே ஆற்றங்கரைகளில் வாழ்ந்து, அப்புறப்படுத்தப்பட்டவை. அவர்களைப் பற்றிக் கேட்டால், “அவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி” என்கிறோம். நல்லது. குடும்பத்தில் ஒருவருக்கு ஏன் தனி டம்ளர்? குடும்பத்தில் ஒருவர் ஏன் அடுக்களைத் தரையில் அமர்ந்து மீந்ததை உண்கிறார்? எட்டு மணி நேரம் நிற்பவருக்கு ஏன் நம் வீட்டுக் கழிவறை மறுக்கப்படுகிறது? சில அடுக்குமாடிகளில் அவருக்கு லிஃப்டும் வேறு. காய்ச்சலில் இரண்டு நாள் வராவிட்டால் ஊதியத்தில் பிடித்தம். இது எந்தக் குடும்பத்தின் வழக்கம்? தீண்டாமை இல்லாத மார்க்கம் என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் தனிக் குவளை வைப்பதைவிடப் பெரிய நயவஞ்சகம் உண்டா?

ஊரிலிருந்து ஏழைச் சிறுமியை அழைத்து வந்து, “பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், ஓதவும் வைக்கிறோம்” என்று சொல்லும் வீடுகளைக் கேட்கிறோம்: உங்கள் பிள்ளை பள்ளி செல்லும் நேரத்தில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள்? பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது நாட்டின் சட்டப்படியே குற்றம். தியாகராய நகரின் கடைத்தெருவுக்கும் இக்கேள்வி பொருந்தும். தென் மாவட்டங்களிலிருந்து வந்து, விடுதிகளில் அடைந்து, நாளெல்லாம் நின்றே பணி செய்யும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கு 2021இல் சட்டமன்றம் ஒரு திருத்தம் இயற்ற வேண்டியிருந்தது. ஒரு மனிதர் உட்காருவதற்குச் சட்டம் தேவைப்பட்ட ஊர் இது. கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் அந்தச் சட்டத்துக்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டியவர்கள்.

‘குடும்பம் போல’ என்பது கணக்குக் கேட்க முடியாத சொல். ஊதியம் கேட்டால் நன்றி கெட்டவர், விடுப்புக் கேட்டால் பாசமற்றவர் என்றாக்கிவிடும். மாண்டிசெல்லோவின் உரிமையாளருக்கும் அச்சொல் பயன்பட்டது இப்படித்தான்.

இஸ்லாம் இந்தப் பொய்யை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். சிறுவயதில் பிடிக்கப்பட்டு விற்கப்பட்ட ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் விடுவித்தார்கள். தந்தை தேடி வந்தபோது, போவதும் இருப்பதும் ஸைத் அவர்களின் விருப்பம் என்றார்கள். அவர் நபியவர்களுடன் இருக்கவே விரும்பினார். முஹம்மதின் மகன் ஸைத் என்றே மக்கள் அழைத்தனர். அதன் பிறகும், அவரவரை அவரவர் தந்தையின் பெயராலேயே அழையுங்கள், தந்தையை அறியாவிடில் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்ற கட்டளை இறங்கியது. அன்பு குறைந்ததா? இல்லை. பிற்காலத்தில் முஃதா போரின் தளபதியாகச் சென்று உயிர்நீத்தவர் அதே ஸைத். பெயரளவிலான உறவுக்குப் பதிலாகச் சொந்தப் பெயரும் சகோதர உரிமையும் வழங்கப்பட்டன. கைக்குக் கீழிருப்போருக்கு நாம் உண்பதையே கொடுக்க வேண்டும், நாம் உடுத்துவதையே உடுத்தக் கொடுக்க வேண்டும், தாங்க முடியாத சுமையைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் கூட நின்று உதவ வேண்டும் என்பது நபிமொழி. சுதந்திர மனிதரை விற்று விலையை உண்டவனுக்கும், வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கும் எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை நபியவர்கள் ஒரே மூச்சில் அறிவித்தார்கள். அடிமை வணிகனும் கூலியை இழுத்தடிப்பவனும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். இதை உணர்ந்தவருக்கு இரவில் உறக்கம் வருமா?

எனவே, ‘குடும்பம் போல’ என்பதை விட்டுவிட்டு, உரிமையைக் கொடுப்போம். ஊதியத்தை முன்பே பேசி, எழுதி, மாத முதல் நாளில் கொடுப்போம். வாரத்தில் ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு. அவர் எம்மதத்தவராயினும் அவர் பெருநாளுக்கும் விடுப்பு. ஒரே பாத்திரம், ஒரே கழிவறை, அமர ஒரு நாற்காலி. 2007இல் தொடங்கப்பட்ட வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்ய ஒரு நாள் துணை நிற்போம். ஜகாத்தைக் கொடுத்துவிட்டு ஊதிய உயர்வு என்று கணக்குக் காட்ட வேண்டாம். கூலி அவர் உரிமை, ஜகாத் நம் கடமை, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஒரே சஹனில் கைபோட்டு உண்ணும் சமுதாயம் நாம். அந்தச் சஹனைச் சுற்றி அவருக்கும் ஓரிடம் இருக்கட்டும். முதலில், நம் பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லி ஏவுவதை நிறுத்தி, அக்கா என்றோ அம்மா என்றோ அழைக்கட்டும்.

அடுத்த ரமளானில் ஜெஃபர்சனின் இஃப்தார் செய்தி நம் குழுக்களுக்கு மீண்டும் வரும். வரட்டும். அதன் கீழ் ஈடித் ஃபாசெட்டின் பெயரை எழுதுவோம். ஃபாத்திமரின் பெயரையும் எழுதுவோம். எழுதிய பின் கைபேசியை வைத்துவிட்டு, நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொடுத்தவர் தம் வீட்டுக்குப் பேருந்து பிடிக்க நேரமாகிவிட்டதா என்று பார்ப்போம்.

வல்ல அல்லாஹ் நம் கைக்குக் கீழிருப்போர் விஷயத்தில் நம்மை நீதியாளர்களாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.